பலகை வாசலுக்குத் தெளித்த தண்ணீர்

எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலைக்குக் கீழே, சரிவில் இருந்தது. சாலையில் நின்று பார்த்தால் தகரக் கூரைதான் தெரியும். சாலை ஓரத்துக்கும் வீட்டு நிலைப்படிக்கும் நடுவே ஆள் உயரத்துக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மரக்கால்கள் நட்டு, மேலே உத்திரம் போட்டு, பலகை பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு மாட்டு வண்டியை நிறுத்தலாம், அவ்வளவு இடம். அதன் மேல் நடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். பக்கவாட்டில் ஆடு ஏறி இறங்கும் தடம் ஒன்று உண்டு. மழைக் காலத்தில் ஆடே யோசிக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தளத்துக்குப் பலகை வாசல் என்று பெயர்.

ஒரு எஸ்டேட் ரைட்டர் குடியிருந்த வீடு அது. எழுபதுகளின் நடுவில் அவர் வேலையை விட்டுக் கீழே போனபோது நாங்கள் வாங்கினோம். எனக்கு ஊர் சேலத்துப் பக்கம். எட்டாவது வரை படித்தேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை. என் மனைவி ஐந்தாவதோடு சரி. ஆனால் படித்தவர்கள், பணம் உள்ளவர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், அவளைப் போல ஒன்றை முழுசாக யோசித்து முடிவுக்கு வருகிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மலைக்குக் கீழே, சமவெளியில் இருந்து வந்தவள் அவள். விடியுமுன் எழுந்து வாசல் கூட்டி, சாணி கரைத்துத் தெளித்து, கோலம் போட்ட பிறகுதான் அடுப்பு. மலைக்கு வந்த மறுநாளே அதைத் தொடங்கினாள். பனி இறங்கி எதிர் மரம் தெரியாத காலையிலும் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு சொம்போடு போய் நிற்பாள். "இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன?" என்று நான் கேட்டால், "வாசல் காஞ்சு கெடந்தா லட்சுமி எப்படீங்க உள்ள வருவா? நீங்க போயிப் படுங்க" என்பாள். மண் தரையில் தெளிப்பதைப் பலகையில் தெளிக்கலாமா என்று எங்களுக்கு யோசனையே வரவில்லை. வாசல் என்றால் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தது. கோலப்பொடி அதில் இறங்கிவிடும். "கோடு அந்து அந்து போவுதுங்க. அந்துபோன கோலம் ஊட்டுக்கு ஆகாது" என்று அவள் வருத்தப்பட்டாள். சாலை போட வந்தவர்களிடம் கொஞ்சம் தார் கேட்டு வாங்கி, மரத்தூளோடு பிசைந்து, நிலைப்படிக்கு முன்னால் இருந்த சந்துகளை எல்லாம் அடைத்துக் கொடுத்தேன். மறுநாள் கோலம் முழுசாக விழுந்தது. கருத்த பலகையில் வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடுவதை நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். சாமி படத்துக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

ஏற்காட்டில் மழை விருந்தாளி இல்லை, குடித்தனக்காரன். கோடை மழை விட்டால் ஆடி மழை, அது விட்டால் ஐப்பசி மழை, நடுவில் பனி. ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும் பலகை வாசலைச் சுற்றி வருவேன். பாசியைத் தேங்காய் மட்டையால் தேய்ப்பேன். மெத்தென்று அமுங்குகிற பலகையை மாற்றுவேன். மாற்றப் பலகை இல்லாவிட்டால் எண்ணெய் டின்னை வெட்டித் தகரமாக விரித்து மேலே அடிப்பேன். மலையில் மரம் உளுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கே காலை வைக்கலாம், எங்கே கூடாது என்று எங்கள் கால்களுக்கே தெரிந்திருந்தது. விருந்தாளிகளுக்கு அது தெரியாது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம்.

எங்களுக்கு ஒரே மகள். எண்பதுகளின் கடைசியில் அவளைச் சேலத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தி, நல்ல வாட்டசாட்டமான ஆள். குரலும் அப்படித்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, சித்திரை வெயிலில், அவர் மலைக்கு வந்தார். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசத்தான் வந்தார்.

பலகை வாசலில் நடந்து வந்து, நிலைப்படிக்கு முன்னால், சரியாகக் கோலத்தின் நடுவில் கால் வைத்தார். பலகை சத்தமே போடவில்லை. ஊறின ரொட்டி மாதிரி விட்டுக்கொடுத்தது. கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது.

"அய்யய்யோ, எங் காலு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேல் வீட்டு நாய் குரைத்தது.

நானும் மனைவியும் பலகையைப் பெயர்த்துக் காலை எடுத்தோம். தோல் சிராய்த்திருந்தது, வேறொன்றும் இல்லை. மனைவி மஞ்சள் அரைத்துப் போட்டாள். காப்பி குடித்த பிறகு சம்பந்தியே சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, எத்தனையோ ஊட்டுக்குப் போயிருக்கறனுங்க. நாய் கடிச்சிருக்குது. ஊடே கடிச்சது இதுதான் மொதத் தடவை."

நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. வவுத்துல புள்ளையோட என்ற மருமவ இது மேல நடக்கறத நெனச்சாவே எனக்குப் பதறுது. தலைப்பிரசவம் ஆத்தா ஊட்டுலதான், எனக்குந் தெரியும். வளைகாப்பு முடிஞ்ச கையோட நானே காருல கொண்டாறேன். நாந்தான் மொதல்ல எறங்கி நடந்து பாப்பேன். பலகை நல்லாருந்தா புள்ளைய எறக்குவேன். இல்லீன்னா அப்படியே திருப்பிக்கிட்டுப் போயி அங்கயே பிரசவம் பாத்துக்குவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மனைவி தலையை ஆட்டினாள். அவளுடைய தலைப்பிரசவத்தின்போது அவளுடைய அம்மா உயிரோடு இல்லை. தாய் வீடு என்று போக இடமில்லாமல் என் அம்மா வீட்டில், வேலைகளுக்கு நடுவில், மகளைப் பெற்றாள். மகளுக்காவது அது வாய்க்க வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை விளக்கின் முன்னால் வேண்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வளைகாப்புக்கு ஆனி மாதம் நாள் குறித்திருந்தார்கள். நடுவில் இருந்தது வைகாசிதான்.

போன வருடக் காற்றில், வீட்டைச் சுற்றி இருந்த எங்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவே சாய்ந்த பலா ஒன்றை அறுத்து, பலகையாக்கி, லாட்ஜின் கொட்டகையில் காய வைத்திருந்தோம். அது சாமி செயல். ஊரில் இருந்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். வாய் ஓயாத மனிதர். பலகை வாசலைப் பார்த்ததும், "இதுல நடக்கறதுக்குப் பதிலா நீங்க பறந்துருக்கலாமுங்க" என்றார். சிமெண்டுத் தளம் போடலாம் என்றால் கம்பி, ஜல்லி எல்லாம் கீழே இருந்து ஏறி வரவேண்டும்; மழைக்கு முன் முடியாது. மரம்தான் என்று முடிவானது.

பழைய பலகைகளை நானும் ஆசாரியும் பெயர்க்கப் பெயர்க்க, மனைவி அவற்றை வாங்கிச் சாலை ஓரத்தில் அடுக்கினாள். கண்டபடி போடவில்லை. எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் பரப்பினாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. எல்லாம் பெயர்த்து முடிந்ததும் ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனாள். சாலைப் பக்கத்துப் பலகைகளில் ஆணி இறங்கவில்லை. வீட்டுப் பக்கம் வர வர, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"ஏனுங்க, இங்க வாங்க. ரோட்டுப் பக்கம் மேல கூரை ஒண்ணும் இல்ல. மழை அத்தனையும் அதுமேலதான் கொட்டுது. அது கல்லாட்ட இருக்குது. நெலப்படிப் பக்கம் கூரை எறங்கியிருக்குது, சாரல்கூட அடிக்கறதில்ல. அதுதான் உளுத்துப் போயிருக்குது. இது எப்படீங்க?"

எனக்கும் விளங்கவில்லை. ஆசாரியைப் பார்த்தேன். எப்போதும் பேசுகிற மனிதர், உளியைத் தீட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

மனைவி அந்த உளுத்த பலகை ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். விரலால் சுரண்டினாள். சாணி ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் கீழே ஈரம். சந்தில் நான் அடைத்த தாரைப் பெயர்த்தாள். அதன் கீழேயும் ஈரம். பிறகு சாலைப் பக்கத்துப் பலகையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சந்து திறந்திருந்ததால் தண்ணீர் வழிந்து, காற்று பட்டு, காய்ந்திருந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"மழை இல்லீங்க" என்றாள். "இது நாந் தெளிச்ச தண்ணி."

பிறகு ஆசாரியிடம் திரும்பினாள்.

"ஏனுங் ஆசாரியாரே, உங்களுக்கு இது தெரியுமா?"

"பாத்தவொடனே தெரிஞ்சுதுங்க்கா."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல? மத்ததுக்கெல்லாந் தொறக்கறீங்க?"

"வாசல் தெளிக்காதீங்கன்னு ஒரு குடும்பத்துப் பொம்பளைகிட்ட எப்படீங்க சொல்றது? சொன்னா மத்தியானச் சோறு போட்டிருப்பீங்களா?"

"போட்டிருக்க மாட்டேன்" என்றாள் மனைவி. அவள் கண்ணில் நீர் இருந்தது, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கஷ்டம் எனக்குப் புரிந்தது. புதுப் பலகையிலும் தெளித்தால் அதுவும் உளுக்கும். மகள் கைக்குழந்தையோடு அதன் மேல்தான் நடக்க வேண்டும். தெளிக்காவிட்டால், தெளிக்காத கோலமில்லாத வாசல் எந்த வீட்டில் இருக்கும்? சாவு விழுந்த வீட்டில் இருக்கும். பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் அப்படி ஒரு வாசலை வைத்திருக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"சேர்வராயன்கிட்டப் போயிப் பூக் கேக்கறேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அது சாமியின் சொல். அதன் பிறகு மறுபேச்சுக் கிடையாது.

மறுநாள் மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குனிந்துதான் குகைக்குள் நுழைய வேண்டும். உள்ளே பாறை கசிந்துகொண்டிருந்தது. சுவரில் வழிந்த தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளேயே நெடுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது இரண்டு பொட்டலமும் பிரிக்காமல் கையிலேயே இருந்தன.

"என்ன, பூக் கேக்கலியா?"

"இல்லீங்க. கேட்டு, அவரு வேண்டாம்னு சொல்லிட்டா அப்பறம் என்ன பண்றது? சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

அவள் குகை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? எத்தனை காலமா அந்தத் தண்ணி சொட்டுது. அவரு ஈரத்துலயேதான் உக்காந்திருக்கறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா அது கல்லு. தண்ணி கல்லுக்குத்தாங்க. பலகைக்கு இல்ல. அதான் சொன்னேன். வாசல ரோட்டுக்கே ஏத்திடறேன், நீ அங்கயே வந்துரு சாமின்னு."

வழக்கத்தை விடவும் மனசில்லை, பலகையை அழிக்கவும் மனசில்லை. அப்படி ஒரு முடிச்சைச் சாமி சந்நிதியில் நின்று, சாமியைப் பார்த்தே அவிழ்த்துக்கொண்டு வந்தவளை என்னவென்று சொல்வது? எனக்குக் கும்பிடத்தான் தோன்றியது. பொட்டலங்களைப் பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்குப் பின்னால் அவள் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. நல்ல அகலம், தட்டையானது. அதைத்தான் வாசலாக்க வேண்டும் என்றாள். "அப்பறம் துணிய எதுல துவைப்ப?" என்று கேட்டேன். "ஓடையில பாறையா இல்ல?" என்றாள். ஆட்டுத் தடத்தில் அந்தக் கல்லை ஏற்றுவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. கயிறு போட்டு நானும் ஆசாரியும் மேலே இருந்து இழுக்க, அவள் கீழே நின்று கல் நழுவாமல் கட்டையால் முட்டுக் கொடுத்தாள். "ஏனுங்க்கா, கைய எடுங்க. கல்லு உருண்டா உங்கள எங்க போயித் தேடறது?" என்று ஆசாரி அலறினார். "இழுக்கறத உட்டுட்டுப் பேச்சென்ன?" என்று கீழே இருந்து பதில் வந்தது. சாலை ஓரத்தில், பலகை தொடங்குகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், தண்ணீர் சாலைப் பக்கமே வழிகிற மாதிரி கல்லைச் சரித்துப் பதித்தோம்.

ஆசாரி புது உத்திரத்தின் கால்களை மண்ணில் நடாமல் கருங்கல் மேல் நிறுத்தினார். பலாப் பலகைகளை விரல் நுழைகிற சந்து விட்டு அடித்தார். லாரிக்காரர்களிடம் வாங்கிய பழைய ஆயிலைப் பலகைகளுக்கு இரண்டு பக்கமும் தடவி வெயிலில் காட்டியிருந்தோம். மஞ்சள் பலா, கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. கடைசிப் பலகை அடித்து முடிந்த மாலையே மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் கூரைக்குக் கீழே நின்று, புதுத் தளத்தின் சந்து வழியாகத் தண்ணீர் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை அவள் சொம்பை எடுத்துக்கொண்டு, பலகையின் மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்துபோய், சாலைக் கல்லில் தெளித்துக் கோலம் போட்டாள். சுலபம் என்று நினைக்காதீர்கள். நிலைப்படிக்கு முன்னால் போடுவது வேறு, ஊர் போகிற சாலையில் குனிந்து போடுவது வேறு. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேல் வீட்டு அம்மா சும்மா இருப்பாரா?

"என்னங்க, ரோட்டுக்குக் கோலம் போடறீங்க? பஸ்ஸுக்கா?"

"ஆமாங்க. பஸ்ஸுலயும் முன்னால சாமி படம் வெச்சுத்தான வருது" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

வீட்டு நிலைப்படிக்கு முன்னால் மட்டும் அவள் ஒன்றும் செய்யவில்லை. காய்ந்த துடைப்பத்தால் கூட்டினாள், அவ்வளவுதான். அந்த வெறும் பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவள் கை ஒருமுறை மாங்கல்யத்தைத் தொட்டுக்கொள்ளும். பழகுகிற வரை அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நாள்கூடப் பின்வாங்கவில்லை.

ஆனி மாதம் வளைகாப்பு சேலத்தில் நடந்தது. நாங்கள் போய் வளையல் அடுக்கி, முன்னதாகவே திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் பகலில் வாடகைக் கார் வந்து கல்லை ஒட்டி நின்றது. மகள் பின் சீட்டில் கை நிறைய வளையலோடு, வளைவுகளில் சுற்றி வந்த களைப்போடு இருந்தாள். கதவைத் திறக்கப் போனவளை, "நீ இரு கண்ணு. எறங்காத" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி இறங்கினார்.

சொன்னபடியே செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். நடுவில் நின்று இரண்டு காலாலும் குதித்தார். அவர் குதித்தால் அது சாதாரணக் குதி இல்லை. முன்பு கால் போன இடத்தில் நின்று குதிகாலால் மூன்று நான்கு முறை உதைத்தார். பலகை அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நிலைப்படியைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். முகம் சுருங்கியது.

"ஏனுங் சம்பந்தி, வாசல் காஞ்சு கெடக்குது? தண்ணி இல்ல, கோலம் இல்ல… எழவு…" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பிக் காருக்கே வந்துவிட்டார். "பலகை நல்லாத்தான் இருக்குது. ஆனா மங்கலமில்லாத வாசல்ல புள்ளத்தாச்சிய எப்படீங்க ஏத்தறது?"

மகள் காருக்குள் இருந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னை விடவில்லை. முன்னால் வந்து, சாதாரணமாக, காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணி, நீங்க வாசல்லதானுங்க நிக்கறீங்க. கீழ பாருங்க."

சம்பந்தி குனிந்து பார்த்தார். கார் நிழலில் அவர் கவனிக்கவே இல்லை. அவர் காலுக்குக் கீழே, கல் முழுக்க, காவி இட்டு, நடுவில் பூ வைத்த கோலம். கார் வருகிற நேரம் பார்த்து மறுபடி தெளித்த ஈரம் அப்போதும் காயவில்லை. பதறிக் கால்களை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். எங்கே வைத்தாலும் கோலம்தான்.

"பழைய பலகை மழையில உளுக்கலீங்க" என்றாள் மனைவி. "நாந் தெளிச்சுத் தெளிச்சு உளுத்துச்சு. உங்க காலு கோலத்து மேலதான போச்சு? அன்னைக்கே சாமி காட்டுனாரு, எனக்குத்தான் வெளங்கல. இப்ப வாசல் இந்தக் கல்லு. தண்ணி, சாணி, கோலம் எல்லாம் இங்கதான். பலகை ஊட்டுக்குள்ளார சேத்திங்க. ஊட்டுக்குள்ளார யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?"

சம்பந்தி கல்லையும் பலகையையும் பார்த்தார். பிறகு குனிந்து, காவி ஓரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எறங்கு கண்ணு" என்று மகளைப் பார்த்துக் கூப்பிட்டார். "வலது காலக் கல்லுல வெய்யி. உங்காத்தா பெரிய ஆளுதான் போ."

கல்லின் மேல் நிற்க வைத்து இரண்டு பேரும் ஆரத்தி சுற்றினார்கள். ஆரத்தித் தண்ணீரை மனைவி சாலை ஓரத்தில் ஊற்றினாள். மகள் பலகையில் ஏறினாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று வளையல் குலுங்கத் தலையாட்டிவிட்டு நிதானமாக நடந்தாள். மனைவி கல்லிலேயே நின்றுவிட்டாள். கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. மகள் நிலைப்படி தாண்டி உள்ளே போனது வளையல் சத்தத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அம்மா, எனக்கு நொம்பப் பசிக்குது!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். ஆரத்தித் தட்டை என் கையில் திணித்துவிட்டு, அந்தப் பலகையின் மேல் ஓடினாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் மேல் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.